ஒரு கோவில், நான்கு மொழி: தீபகற்ப மலேசியப் பங்குகள் ஒன்றாக வாழ்வது எப்படி?

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு கத்தோலிக்கக் கோவிலின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சனி மாலை ஆங்கிலத் திருப்பலி, ஞாயிறு காலை மாண்டரின், அப்புறம் தமிழ், மறுபடியும் ஆங்கிலம், பிற்பகலில் பஹாசா மலேசியா எனப்படும் மலாய் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஊருக்கு ஊர் நேரம் மாறும், வரிசை மாறும். எல்லாக் கோவிலிலும் நான்கு மொழியும் இருக்காது. ஆனால் ஒரே பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், ஒரே பங்குத்தந்தையின் கீழ் மூன்று, நான்கு மொழிச் சமூகங்கள் என்பது அங்கே சர்வ சாதாரணம். வெளியிலிருந்து வருபவருக்கு இது, சீடர்கள் பேசியதைப் பல நாட்டவர் அவரவர் மொழியில் கேட்ட பெந்தக்கோஸ்து நாளின் காட்சி போலத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த நிலைமை வேறு. ஒரு மொழிக்காரர் வெளியே வரும் நேரத்தில் அடுத்த மொழிக்காரர் உள்ளே போகிறார். பல வருடம் ஒரே கோவிலுக்கு வந்தும் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாமலே போய்விடலாம்.

பல இன மக்கள் சேர்ந்த பங்கை எப்படி வழிநடத்துவது என்ற கேள்வி இப்போது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிதாகப் பேசப்படுகிறது. மலேசியத் திருச்சபை அந்தக் கேள்வியோடு பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. அதில் தமிழ்க் கத்தோலிக்கருக்கு நேரடிப் பங்கும் உண்டு. அதனால் அந்த அனுபவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தொடக்கத்தில் அங்கே இனத்துக்கு ஒரு கோவில்தான். பினாங்கில் 1786-இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தைத் தொடங்கிய கையோடு, கெடாவிலிருந்து வந்த, ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தவரான யூரேசியக் கத்தோலிக்கருக்காக விண்ணேற்பு அன்னை ஆலயம் உருவானது. பிறகு சீனருக்கு வியாகுல அன்னை ஆலயம், தமிழருக்குப் புனித சவேரியார் ஆலயம். கோலாலம்பூரில் சீனருக்குச் செபமாலை அன்னை, தமிழருக்குப் புடுவில் புனித அந்தோனியார். சிங்கப்பூரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1847-இல் கட்டிய நல்லாயன் ஆலயத்தில் முதலில் எல்லாரும் கூடினார்கள். 1870-இல் சீனரும் இந்தியரும் புனித பேதுரு பவுல் ஆலயத்துக்குப் பிரிந்து போனார்கள். 1888-இல் ஓஃபிர் சாலையில் தமிழருக்கென்று லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. அதோடு நிற்கவில்லை. 1910-இல் காண்டோனியச் சீனருக்குத் திரு இருதய ஆலயம், 1929-இல் ஹொக்கியன் சீனருக்குப் புனித தெரேசா ஆலயம்.

இந்தக் கோவில்களில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் பாரிஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள். புதுச்சேரி மிஷனை நடத்தியதும் அதே சபைதான். ஒரு குரு தமிழைக் கற்று ரப்பர் தோட்டங்களுக்குப் போவார், இன்னொருவர் ஹக்கா என்ற சீன மொழியைக் கற்று ஈயச் சுரங்கத்துக்குப் போவார். பிரிந்திருந்ததற்குக் காரணம் வெறுப்பு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வேலையே இன வாரியாகப் பிரிந்திருந்தது. தோட்டமும் சுரங்கமும் துறைமுகமும் வேறு வேறு மக்கள் வாழ்ந்த இடங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாக் கோவிலிலும் திருப்பலி ஒரே மொழியில், லத்தீனில் நடந்தது. மறையுரை, பாட்டு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் மட்டும்தான் அவரவர் மொழி. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டு மக்கள் மொழிக்கு வழி திறந்தது. அதே காலத்தை ஒட்டித்தான் நகரம் பெருத்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் கலந்து குடியேறினார்கள். இனக் கோவில்கள் ஒவ்வொன்றாக அந்தந்த வட்டாரத்தின் பொதுப் பங்குகளாக மாறின. ஆக, திருப்பலி ஒன்றாக இருந்தபோது கோவில் தனித்தனி. கோவில் ஒன்றானபோது திருப்பலி தனித்தனி. இன்றைய மலேசியப் பங்கின் எல்லாச் சிக்கலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று எனக்குப் படுகிறது.

திருச்சபைச் சட்டம் இந்த விஷயத்தில் இறுக்கமாக இல்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மொழி அல்லது தேசிய இன அடிப்படையில் புதிய பங்கை ஏற்படுத்த ரோமின் தனி அனுமதி வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 518-ஆம் சட்டம், பங்கு என்பது பொதுவாக நிலப்பரப்பைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டு, தேவைப்படும் இடத்தில் வழிபாட்டு முறை, மொழி, தேசிய இனம் பார்த்தும் பங்குகளை அமைக்கலாம் என்கிறது. அமெரிக்காவில் போலந்துக்காரர், இத்தாலியர், ஜெர்மானியருக்கென்று நூற்றுக்கணக்கான தேசியப் பங்குகள் இருந்தன. தீபகற்ப மலேசியா போனது வேறு வழி. கோவிலைப் பொதுவாக்கி, உள்ளே மொழிகளுக்கு இடம் கொடுத்தது.

அந்த வழிக்கு அழுத்தம் கொடுத்தது நாட்டின் நிலைமை. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு இனம் என்ற பேச்சே நெருப்பாக இருந்தது. வெளிநாட்டு மறைபரப்பாளர் தங்கும் காலத்துக்கு அரசு வரம்பு வைத்தது. பிரெஞ்சுக் குருக்கள் போய்விட்டால் தமிழுக்கு ஒருவர், சீனத்துக்கு ஒருவர் என்று நியமிக்க ஆள் ஏது? 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் முழுவதும் கூடி இதைப் பேசினார்கள். அந்த ஒரு மாதமும் பங்குகளைப் பொதுநிலையினரே பார்த்துக்கொண்டார்கள். குருவை மட்டும் நம்பாத திருச்சபை வேண்டும், தமிழகத்தில் நாம் அன்பியம் என்று சொல்லும் சிறு குழுக்கள் அக்கம்பக்கத்தில் அமைய வேண்டும் என்ற திசை அங்கே உறுதியானது. 1986, 1996, 2006 ஆண்டுகளின் மேய்ப்புப்பணி மாநாடுகள் அதே திசையில் தொடர்ந்தன.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலேசிய அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவின்படி மலாய்க்காரர் என்றால் முஸ்லிம். அதனால் கத்தோலிக்கப் பங்கில் இருப்பவர்கள் தமிழர், மலையாளி, சீனர், யூரேசியர், போர்னியோத் தீவிலுள்ள மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கின் கடஜான், இபான் மக்கள், ஒராங் அஸ்லி பழங்குடியினர், பிறகு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் மக்கள், மியான்மரிலிருந்து தப்பி வந்த சின், கச்சின் அகதிகள். கட்சி, பள்ளி, சங்கம் என்று பெரும்பாலான அமைப்புகள் இன வாரியாக இருக்கும் ஒரு நாட்டில், இத்தனை பேரும் ஒரே கட்டடத்துக்குக் கூட்டாகச் செலவு செய்து, ஒரே பங்குப் பேரவையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. பங்கு அப்படிப்பட்ட ஓர் இடம். அதனால்தான் அது சரியாக நடக்கிறதா என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிந்திருப்பவர்கள் சேர்ந்தே ஆக வேண்டிய நாட்கள் புனித வாரத்தில் வருகின்றன. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பை ஒரே கோவிலில் ஒரே இரவில் இரண்டு முறை நடத்தக் கூடாது என்பது விதி. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியும் ஒன்றுதான்; கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் ஆயர் அனுமதிக்க வேண்டும். ஆகவே வருடம் முழுவதும் தனித்தனியாக இருந்த நான்கு பாடகர் குழுக்களும் அந்த மூன்று நாளில் ஒரே மேடையைப் பகிர வேண்டும். பாஸ்கா புகழுரை எந்த மொழியில்? ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களில் எது யாருக்கு? விடுதலைப் பயண நூலின் செங்கடல் வாசகத்தை எந்த ஆண்டும் விட முடியாது, அதைப் படிக்கப் போவது யார்? வெளியாருக்கு இவை அற்பமாகத் தெரியலாம். நாற்பது வருடம் அதே கோவிலில் பாடிய ஒரு தமிழ்ப் பாடகர் குழுவுக்கு "உங்களுக்கு இந்த வருடம் காணிக்கைப் பாட்டு மட்டும்" என்று சொன்னால், தங்கள் இடம் எது என்று சொல்லப்பட்டதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை.

பல பங்குகள் இதை எளிதாக்க நினைத்து எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் திரும்பச் சொல்கின்றன. மறையுரையே மூன்று முறை. வழிபாடு மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது; தன் மொழி வராத நேரத்தில் மக்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் ஒரே மொழியில் நடத்தி, மற்ற மொழிகளில் அதன் எழுத்தைத் திரையிலோ கையேட்டிலோ தருவதுதான் நல்ல வழி. முதல் வாசகம் மாண்டரினில் என்றால் தமிழர் கையில் தமிழ் வாசகம் இருக்கட்டும். பதிலுரையின் ஒரு வரியை எல்லாரும் ஒரே மொழியில் பாடட்டும். அடுத்தவர் மொழியில் ஒரு வரி பாடக் கற்பது பெரிய சுமை இல்லை. இயேசு கற்பித்த செபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லலாம். இந்த வழிபாட்டுக்கு நான்கு குழுக்களும் தவக்காலத் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பயிற்சி நாட்களில் உருவாகும் பழக்கத்தை வேறு எந்த ஒற்றுமைக் கூட்டமும் தராது.

திருப்பலியை வேறு மொழியில் பின்தொடர்ந்துவிட முடியும். அதன் வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். பாவசங்கீர்த்தனம் அப்படியல்ல. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று 990-ஆம் சட்டம் இடம் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரை நடுவில் உட்காரவைத்துப் பாவத்தைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவர் கூட, முதுமையில் நினைவு மங்கும்போது சின்ன வயதில் கற்ற மொழிக்குத் திரும்பிவிடுகிறார். அந்த நேரத்தில் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் கூடவே உதடு அசையும். ஆங்கிலத்தில் தொடங்கினால் அசையாது. தமிழ்த் திருப்பலிக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள், அதை மாதம் ஒருமுறை ஆக்கிவிடலாம் என்ற யோசனை எழும்போது, மருத்துவமனையில் படுத்திருப்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆங்கிலத்தின் இடத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பேரவைக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது, குறிப்பேடு ஆங்கிலத்தில், நிதிக் கணக்கு ஆங்கிலத்தில். எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதானே என்கிறார்கள். பொதுவானதுதான், ஆனால் எல்லாருக்கும் சமமானது அல்ல. வழக்கறிஞரும் ஆசிரியரும் அந்த மொழியில் வாதாடுவார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து பாதுகாவலர் வேலை பார்க்கும் தமிழ்ப் பிரதிநிதி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். கலப்பு அன்பியக் கூட்டத்திலும் இதே நிலைதான்: ஆறு குடும்பத்தில் ஒருவருக்கு மாண்டரின் மட்டும், இருவருக்குத் தமிழ் மட்டும் என்றால், கூட்டம் தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. விவிலியத்தைப் படித்து மனம் திறந்து பேச வேண்டிய இடத்தில், அதிகம் சொல்ல இருப்பவர்களே வாய்மூடி இருக்கிறார்கள்.

எருசலேம் திருச்சபையில் நடந்ததும் இதுதான். திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுகிறது. திருத்தூதர்கள் அவர்களைச் சமாதானம் செய்து அனுப்பவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்வானவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்ட பிரிவின் கையிலேயே பந்தியின் பொறுப்பு போனது. மற்றவர்களுக்கும் சேர்த்து அவர்கள் பரிமாறினார்கள். பல இனப் பங்கை வழிநடத்துவதைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இந்தப் பட்டியலில் இருக்கிறது. வரவேற்பது நல்லதுதான், ஆனால் வரவேற்பவர் கையில்தான் வீட்டுச் சாவி இருக்கும். இசை நிகழ்ச்சியும் உணவுத் திருவிழாவும் வைத்து எல்லா இனத்தையும் மேடையேற்றிவிட்டு, மண்டபம் யாருக்கு எந்த நேரம், உண்டியல் பணம் எங்கே போகிறது, ஞாயிறு காலை ஒன்பது மணி யாருக்கு என்ற முடிவுகளை ஒரே குழு எடுத்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் இன்னும் விருந்தாளிகள்தான். மாண்டரின் பேசும் ஒருவர் முழுப் பங்குக்கும் நிதிக்குழுத் தலைவராகட்டும். தமிழ்க்காரர் ஒருவர் எல்லா மொழிக்கும் சேர்த்து மறைக்கல்வியை ஒருங்கிணைக்கட்டும். கூட்டத்தில் அவரவர் மொழியில் பேசி, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பண்பாடு என்று வரும்போது தமிழருக்கும் சீனருக்கும் இடையே பலர் கவனிக்காத ஒரு பொது வரலாறு இருக்கிறது. மதுரையில் 1606-இல் வந்திறங்கிய இராபர்ட் தே நொபிலி தமிழ் முறைப்படி வாழ்ந்து கிறிஸ்தவத்தைப் போதித்ததும், சீனாவில் இயேசு சபையினர் முன்னோர் வணக்கத்தை அனுமதித்ததும் ரோமில் நீண்ட சண்டையானது. 1742-இல் சீனச் சடங்குகளையும், 1744-இல் தமிழகத்து மிஷனின் வழக்கங்களையும் கட்டுப்படுத்தி ஆணை கொடுத்தவர் ஒரே திருத்தந்தை, பதினான்காம் ஆசீர்வாதப்பர். சீனருக்கு அந்தத் தடை தளர 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மலேசியக் கோவில்களில் சீனப் புத்தாண்டுத் திருப்பலியில் ஆரஞ்சுப் பழங்களை மந்திரித்துக் கொடுக்கிறார்கள், முன்னோரை நினைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அதற்குச் சில நாளோ சில வாரமோ முன்பு அதே வளாகத்தில் பொங்கல் பொங்குகிறது. இரண்டு சமூகங்களும் ஒரே காலத்தில் ஒரே கையால் தடுக்கப்பட்டவர்கள் என்பதைப் பொங்கலன்று சீனருக்கும், புத்தாண்டன்று தமிழருக்கும் மறையுரையில் சொன்னால், அடுத்தவர் விழா வெறும் வேடிக்கையாக இருக்காது.

எல்லாரும் தாமாகவே சேரும் இடங்களும் உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை 26-ஐ ஒட்டி நடக்கும் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வருகிறார்கள். அங்கே தமிழ்ப் பாட்டிக்கும் சீனப் பாட்டிக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற மொழி தேவைப்படுவதில்லை. பக்தி முயற்சிகளைப் படித்த சிலர் குறைவாக மதிப்பிடுவதுண்டு. பல மொழிப் பங்கில் நவநாளும் தேர்பவனியும் செய்யும் வேலையைக் கருத்தரங்கு செய்யாது.

இளைஞர் விஷயம் கடினமானது. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் இருந்தாலும், நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பலர் பிள்ளைகளை ஆங்கில மறைக்கல்விக்கு அனுப்புகிறார்கள். அப்பா அம்மா தமிழ்த் திருப்பலி, பிள்ளை ஆங்கிலத் திருப்பலி என்று ஒரு குடும்பமே பிரிகிறது. பிள்ளையைத் தமிழுக்குக் கட்டாயப்படுத்துவது பலன் தராது. உறுதிபூசுதல் தயாரிப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், செபங்களைத் தாய்மொழியில் வீட்டில் கற்றுக்கொண்டு வருவதை அதன் ஒரு பகுதியாக வைக்கலாம். தாத்தா பாட்டிக்கும் அதில் வேலை கிடைக்கும்.

குருக்களின் நிலைமையும் எளிதல்ல. அவர்கள் பயிலும் பினாங்கு பொதுக் குருமடம் 1665-இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி, 1808-இல் பினாங்குக்கு வந்தது. பல நாட்டு மாணவரை ஒன்றாக வைத்துப் பயிற்றுவித்த நீண்ட மரபு அதற்கு உண்டு. மலாய் எல்லாருக்கும் பள்ளியில் படித்த மொழி. சீன எழுத்து தெரியாத குரு மாண்டரின் திருப்பலியை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். உச்சரிப்பு பிசகும். மக்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். தங்கள் மொழியைக் கற்க முயலாத குருவைத்தான் மறக்க மாட்டார்கள்.

கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாத பஹாசா மலேசியா சமூகம். மலேசியக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் சபா, சரவாக்கைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் படிப்புக்கும் தீபகற்பத்துக்கு வருபவர்களுக்கு வழிபாட்டு மொழி பஹாசாதான். ஆங்கிலம், சீனம், தமிழ், பஹாசா என நான்கு மொழியில் வந்த 'ஹெரால்ட்' என்ற கத்தோலிக்க வார இதழ் தன் பஹாசா பக்கங்களில் கடவுளை 'அல்லா' என்று எழுதுவதற்கு அரசு தடை விதித்தது. 2009 டிசம்பர் 31 அன்று உயர்நீதிமன்றம் இதழுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றமும் இதழின் மனுவை ஏற்கவில்லை. அந்த வழக்கு இந்த மக்களின் செப மொழியைப் பற்றியது. தமிழரும் சீனரும் அதைத் தங்கள் வழக்காகவும் நினைத்து செபித்த பங்குகளில், அதன்பின் பஹாசா சமூகத்தோடு உறவு நெருக்கமானது இயல்புதான்.

ஆனாலும் பஹாசா திருப்பலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்ச நேரம். வருபவர்கள் வாடகை அறையில், ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள். பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது, பேரவையில் ஆள் இருக்காது. "அவர்கள் நிரந்தரமாக இங்கே இருப்பவர்கள் இல்லையே" என்று காரணம் சொல்வார்கள். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் வாழ்ந்தாலே, அல்லது மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அங்கே அவருக்குத் தற்காலிக வாழ்விடம் உண்டு என்கிறது 102-ஆம் சட்டம். அந்த வாழ்விடத்தின் வழியாக அவருக்கு அங்கே சொந்தப் பங்குத்தந்தை உண்டு என்கிறது 107-ஆம் சட்டம். சபாவின் தவாவிலிருந்து வந்து நான்காவது மாதமாகத் தொழிற்சாலை விடுதியில் இருக்கும் இளைஞர், மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தைப் போலவே அந்தப் பங்கைச் சேர்ந்தவர். அடுத்த பேரவைத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதுபவர்கள் அவர் பெயரையும் கேட்டு எழுத வேண்டும்.